எழுத்துலயும் எங்களுக்கு அரைப்பேர்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க இலக்கியப் பக்கத்துல ஒரு சார் எழுதியிருந்தாரு, இலங்கை மலையகத்துல, எங்கள மாதிரி தேயிலைத் தோட்டத்துப் பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு கவித ஒரு சிறுகத எழுதுறாங்க, புள்ள பொறந்த கையோட காணாமப் போயிர்றாங்க, அவங்களுக்கு எழுத்து மேல அர்ப்பணிப்பு பத்தாதுன்னு. வாசிச்சதும் பேப்பர அடுப்புல போட்டுரலாமான்னுதான் இருந்துச்சு (எங்க வீட்டுல பழைய பேப்பர் அடுப்பு பத்த வைக்கத்தான், அது வேற கத). அப்பறம் யோசிச்சேன், அந்தக் காணாமப் போனவங்கள்ல நானும் ஒருத்தி, நானே பதில் சொல்லாட்டி வேற யாரு சொல்றது.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல புள்ளக்காம்பராவுல வேலை செய்றேன். போர்டுல சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு பெருசா எழுதியிருக்கு, நாங்க இருக்குற லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல, யாரும் அப்படி சொல்றதில்ல. வயசானவங்களுக்கு நான் ஆயம்மா, இப்ப உள்ள தாய்மாருக்கு டீச்சர். காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) போக முன்னாடி புள்ளைங்கள கொண்டாந்து விடுவாங்க, இப்ப 19 பேரு, அதுல ஆறு கைக்கொழந்த. பத்து மணிக்கு பால் குடுக்க மலையில இருந்து எறங்கி வருவாங்க, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கு ஈரம் சொட்ட, கால்ல அட்ட கடிச்ச ரத்தத்தோட, ஒரு கையில புள்ள மறு கையில ரொட்டி. புள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் பால் குடுக்க நேரம் விடணும்னு சட்டமே இருக்கு. 1939ல வந்த மகப்பேற்று நன்மைச் சட்டம், அத அப்பப்ப திருத்தி திருத்தி 84 நாள் லீவுக்கு கொண்டு வந்தாங்க, ஆனா மூணாவது புள்ளைன்னா பாதி, 42 நாள்தான், அத 2018லதான் மாத்துனாங்க. மூணாவது புள்ள என்ன பாதியாவா பொறக்குது? இத எதுக்கு சொல்றேன்னு அப்பறம் வர்றேன்.

நான் எழுதுற நேரம் எதுன்னா மத்தியானம் பன்னெண்டரைக்கு மேல. புள்ளைங்களுக்கு சோறு ஊட்டி, வாய் தொடச்சு, தொட்டில்ல போட்டு, நாலு தொட்டில் கயித்த சேத்துக் கட்டி கால் பெருவிரல்ல மாட்டிக்குவேன். கால் ஆட்டிக்கிட்டே இருக்கும், கையில போன். வட்ஸ்அப்புல எனக்கு நானே மெசேஜ் அனுப்புற மாதிரிதான் கதை எழுதுறேன், ஒரு பெருவிரல் தொட்டில் ஆட்ட இன்னொரு பெருவிரல் டைப் பண்ண. அப்படி மூணு கிழமையா எழுதி வச்ச ஒன்ன மூத்தவ கேம் போட எடம் பத்தலன்னு அழிச்சுப்புட்டா, நான் அடிச்ச அடில அவ முதுகுல அஞ்சு விரலும் பதிஞ்சிருச்சு, ராத்திரி அதுக்கு எண்ண தடவிக்கிட்டே அழுகுறேன், அழுதுகிட்டே அந்தக் கதையோட மொத வரி என்னன்னும் யோசிக்கிறேன். எட்டு வயசுப் புள்ள. இதுக்கு மேல அர்ப்பணிப்பு வேணுமா அந்த சாருக்கு.

இன்னொன்னும் சொல்லிர்றேன், இத இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஆடி மாசம், கச்சான் காத்து கூரைத் தகரத்த பிச்சுக்கிட்டிருந்த ராத்திரி, சின்னவனுக்கு காய்ச்சல் ஏறி ஏறி கடைசில வலிப்பு வந்துருச்சு. கண்ணு மேல சொருகிருச்சு, பல்ல கடிச்சுக்கிட்டு கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. இவரு ஓடிப்போய் மேல்லயத்துல இருந்து த்ரீவீல் கூட்டியாந்தாரு. மடில புள்ளைய போட்டுக்கிட்டு போறேன், ரோட்டுல பனி, லைட் போட்டும் பத்தடி தெரியல, ஓட்டுற தம்பி தலைய வெளிய நீட்டி ஓரத்துக் கல்லப் பாத்துப் பாத்து ஓட்டுது. அந்த நேரம் பாத்து, சத்தியமா சொல்றேன், மனசுக்குள்ள ஒரு வசனம் வந்துச்சு. பனி ரோட்ட தின்னுக்கிட்டே எங்களுக்கு முன்னாடி போச்சுன்னு. புள்ள நெருப்பா கொதிக்குது, நான் அந்த வசனத்த மறந்துறக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே திருப்பித் திருப்பி சொல்லிக்கிட்டுப் போறேன். பாத்தவங்க சாமி கும்புடுறேன்னு நெனச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரில மருந்து குடுத்து, காய்ச்சல் எறங்கி, புள்ள தூங்குனதும் அவனோட கிளினிக் கொப்பிய எடுத்து பின்னட்டையில அத எழுதி வச்சேன். இவரு பாத்துட்டாரு. ஏசல. "இப்பவுமா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அந்த இப்பவுமாவுக்கு எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லீங்க. நேரமில்ல நேரமில்லன்னு எழுதுற பொண்ணுங்க எல்லாரும் சொல்லுவோம், நானும்தான், அது பாதி உண்மை. 2022ல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனப்ப நேரம் நெறைய இருந்துச்சே, மெழுகுவர்த்தில உக்காந்து ஒரு சீஆர் கொப்பி நெறைய எழுதுனேன், எழுதுனது முழுக்க பால்மா க்யூவும் புள்ளைங்க பசியும்தான். நேரம் கெடச்சாலும் புள்ளைய பாக்குற கண்ணும் கதைய பாக்குற கண்ணும் ஒரே கண்ணா போச்சு, அத என்ன செய்றது? புள்ளைங்க இல்லாட்டி இந்நேரம் ஒரு நாவல் முடிச்சிருப்பேன்னு நெனச்ச நாளும் உண்டு, சொன்னா பாவம்னு மாமி சொல்லும், பாவமாவே இருக்கட்டும். புள்ளைங்க இல்லாட்டி அந்த நாவல்ல எழுத என்ன இருந்திருக்கும்னும் தெரியல.

அந்தப் பனிக் கத உங்க பேப்பர்லதான் வந்துச்சு ஐயா, போட்டோவோட. தோட்டத்துல நாலஞ்சு பேரு வெட்டி எடுத்து வச்சிருக்காங்க, அதுக்கு எப்பவும் நன்றிதான். ஆனா போட்டோவுக்கு கீழ "இல்லத்தரசியான இவர் இரண்டு பிள்ளைகளின் தாயாவார்"னு போட்டிருந்தீங்க. நான் இல்லத்தரசி இல்ல, மாசச் சம்பளத்துக்கு வேலை செய்றவ, சரி அத விடுங்க. அதே பக்கத்துல வலது பக்கம் ஒரு எழுத்தாளர் சார், எனக்குத் தெரிஞ்சவருதான், அவருக்கு நாலு புள்ளைங்க, அவரு போட்டோவுக்கு கீழ "ஐந்து நூல்களின் ஆசிரியர்"னு இருந்துச்சு. அவருக்கு புத்தகத்த எண்ணுனீங்க, எனக்கு புள்ளைய எண்ணுனீங்க.

தோட்டத்துல பேர்னா என்னன்னு கொழும்புல உள்ளவங்களுக்கு தெரிஞ்சிருக்காது. பேர்னா ஒரு நாள் சம்பளம். எங்க தோட்டத்துல 18 கிலோ கொழுந்து எடுத்தா முழுப்பேர், கொறஞ்சா அரைப்பேர். 2021ல நாள் சம்பளம் 1000 ரூபா ஆச்சு, 2024ல 1350 ஆச்சு, ஆனா பேர் விழுந்தாத்தானே அது கைக்கு வரும். புள்ளைக்கு பால் குடுக்க எறங்கி வந்து திரும்ப ஏறிப் போறவளுக்கு அந்த மிச்ச கிலோவ ஓடி ஓடி எடுத்தாத்தான் உண்டு, கணக்கப்புள்ள தராசுல தண்ணிக்கு கூடைக்குன்னு கழிக்கிறதயும் சேத்து. அந்த 42 நாள எதுக்கு சொன்னேன்னா இதுக்குத்தான், எங்கள பாதிக் கணக்குல எழுதிப் பழகிட்டாங்க. எழுத்துலயும் அதே பேர் போடுற செக்ரோல்தான் போல.

அந்த சாரோட கட்டுரைய வாசிச்சா இங்க பொம்பளைங்க எழுதுனதே இல்லாத மாதிரி இருக்கு. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யர் கூட்டத்துக்கு கூட்டம் பேசுன காலத்துலயே அவரு சம்சாரம் மீனாட்சி அம்மாள் பாட்டு கட்டி தோட்டத்து சனத்துக்கு முன்னால பாடியிருக்காங்க, 1940ல அந்தப் பாட்டு புத்தகமாவும் வந்துச்சு. தோட்டத்துக் கதைய நாவலா எழுதி கோகிலம் சுப்பையா 1964லயே புத்தகம் போட்டுட்டாங்க, நம்ம சனத்துல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்த அதே வருஷம். நம்ம ஸ்கூல்ல நடேசய்யர் பேரு தெரிஞ்ச புள்ளைங்க கொஞ்சமாவது இருக்கு, மீனாட்சி அம்மாள் யாருன்னு கேட்டா முழிக்குதுங்க. நானே அட்டன்ல ஒரு கூட்டத்துக்கு போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன், கல்யாணம் முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு.

இதெல்லாம் கூட வெளிய தெரிஞ்ச பேரு. எங்க மாமி 31 வருஷம் கொழுந்தெடுத்தது, கையெழுத்துக்கு பதிலா பெருவிரல் ரேகைதான். இப்ப சில மத்தியானத்துல புள்ளக்காம்பராவுக்கு வந்து எனக்கு தொட்டில் ஆட்டித் தரும், அது வர்ற அன்னைக்குத்தான் என் காலுக்கு ஓய்வு, எழுத்தும் கொஞ்சம் கூட ஓடும். ஆட்டுறப்ப பாடும், பாட்டு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது, அன்னைக்கு எந்தப் புள்ள அழுகுதோ அந்தப் புள்ள பேரு, அன்னைக்கு மாவு என்ன வெலையோ அந்த வெல, எல்லாம் உள்ள வந்துரும்.

ஆராரோ ஆரிரரோ, அழுகாத எஞ்சாமி,
பத்து மணிச் சங்கூத பால்கொண்டு வருவா ஒங்கம்மா,
தராசுல தோத்தவளுக்கு ஒஞ்சிரிப்புல நிறுத்துப் போடு.

நிறுத்துப் போடுங்கிற அந்தக் கடைசி வரி அப்படியே என் கதையோட முடிவுல இருக்கு. வாசிச்சவங்க எல்லாரும் அந்த வரியத்தான் பாராட்டுனாங்க, ஒரு வாத்தியார் போன் பண்ணி எப்படி தோணுச்சு உங்களுக்குன்னு கேட்டாரு. நான் சிரிச்சேன், அவ்வளவுதான். மாமி பாடுனதுன்னு சொல்லல. வீட்டுக்கு வந்து அந்தக் கதைய மாமிக்கு வாசிச்சுக் காட்டுனேன், கடைசி வரி வந்ததும் "இது நல்லா இருக்கே"ன்னுச்சு, அது பாடுனதுன்னு அதுக்கே ஞாபகம் இல்ல. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. சி.வி. வேலுப்பிள்ளை ஐயா நம்ம சனத்தோட பாட்ட எல்லாம் தேடித் தொகுத்து வச்சாரு, அவரு இல்லாட்டி அதுவும் மண்ணோட போயிருக்கும், அத நான் கொற சொல்லவே மாட்டேன். ஆனா அதுல ஒவ்வொரு தாலாட்டையும் ஒப்பாரியையும் மொதல்ல கட்டுனது எந்த லயத்து எந்தப் பொம்பள, கேட்டா யாருக்குத் தெரியும்? நாட்டார் பாடல்னு ஒரே பேருல போயிருச்சு. நானும் எங்க மாமிக்கு அதத்தான் செஞ்சிருக்கேன், ஒரே கூரைக்கு கீழ இருந்துகிட்டு.

அதனால ஐயாகிட்ட ரெண்டு மூணு கேக்குறேன், முடிஞ்சா செய்ங்க. சிறுகதைய டைப் பண்ணி ஈமெயில்லதான் அனுப்பணும்னு போட்டிருக்கீங்க, வட்ஸ்அப்புல வொய்ஸா அனுப்புனா எடுப்பீங்களா, எழுதத் தெரியாத எங்க மாமி மாதிரி ஆளுங்க எவ்வளவோ பேரு இருக்காங்க, அவங்க பாடி அனுப்பட்டும், நீங்க கேட்டு எழுதி அவங்க பேரோட போடுங்க, தோட்டம் டிவிஷன் எல்லாம் சேத்து. அப்பறம் கூட்டம் வைக்கிறவங்க யாராச்சும் இத வாசிச்சா, கொழும்புல ஞாயித்துக்கிழம பின்னேரம் நாலரைக்கு புத்தக வெளியீடு வச்சுட்டு மலையகப் பெண் படைப்பாளிகள் யாருமே வரலன்னு மேடையில கவலப்படாதீங்க. நாலரைக்கு தொடங்கி, தலைவர் உரை வாழ்த்துரை நயவுரை எல்லாம் முடிய ஏழரை, அதுக்கு மேல கைப்புள்ளைய தூக்கிக்கிட்டு எந்த பஸ்ல நாங்க மலைக்கு ஏறுறது? பகல்ல அட்டன்ல வைங்க, தலவாக்கலையில வைங்க, ஹோலுக்கு பின்னால ரெண்டு தொட்டில் கட்ட ஒரு எடம் விடுங்க. ஆட்ட நான் ஆள் கூட்டியாறேன்.

இந்தக் கடிதத்த நாலு மத்தியானமா எழுதியிருக்கேன், அங்கங்க வெட்டி வெட்டித்தான் இருக்கும், நீங்க திருத்திக்குங்க. ஆனா மாமி பாடுன மூணு வரிய தொடாதீங்க. எம்பேரும் மாமி பேரும் தனித் தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன், போட்டா ரெண்டு பேரையும் முழுசா போடுங்க, மாமி பேரு மொதல்ல. எம்பேருக்கு பின்னால எத்தன புள்ளன்னு போடணும்னா தாராளமா போடுங்க, அந்த நாலு புள்ள சாருக்கும் அடுத்த தடவ மறக்காம போட்டுருங்க.