பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். 2026 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை புனித வெள்ளி. அன்று பள்ளிக்கு விடுமுறை. இதைச் சொல்ல டைரியில் ஒரு வரி எழுதியனுப்பினால் போதும். ஆனாலும் இந்த முறை கடிதமாகவே எழுதுகிறேன். போன வருஷம் நடந்த ஒன்று இன்னும் மனசில் இருக்கிறது.

அப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்து, ‘இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நானும் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் இடைவேளையில் ஒரு சிறுமி அதன் முன்னால் தனியாக நின்றிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். “சார், எங்க வீட்டுல அன்னிக்கு யாரும் வாழ்த்து சொல்ல மாட்டாங்க. அன்னிக்குத்தான் ஆண்டவர் செத்துப்போனார்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லித்தருகிற மாதிரிதான் சொன்னாள். துக்க வீட்டு வாசலில் போய் நாங்கள் வாழ்த்து அட்டையை நீட்டியிருக்கிறோம். பிள்ளைகள் மேல் தவறில்லை. சொல்லித்தராதது நான்தான்.

இந்தப் பண்டிகை பற்றிப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது தேதியைத்தான். கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25, அது மாறுவதில்லை. ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு மட்டும் ஏன் ஒரு வருஷம் மார்ச்சிலும் ஒரு வருஷம் ஏப்ரலிலும் வருகிறது? நம் ஊர்க்காரர்களுக்கு இது விளங்காத கணக்கு இல்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் எல்லாம் நிலாவைப் பார்த்து வருகிற மாதிரிதான் இதுவும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இந்த ஆண்டு பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழக்கிழமை. ஆகவே ஞாயிறு ஏப்ரல் 5. அதே வாரத்தில் பங்குனி உத்திரமும் வருகிறது. காவடி பார்க்கப் போகிற பிள்ளைகளும் மாதாகோயில் பூசைக்குப் போகிற பிள்ளைகளும் அண்ணாந்து பார்க்கப்போவது ஒரே நிலாவை.

பௌர்ணமி எதற்கு என்றால், இந்தப் பண்டிகையின் வேர் யூதர்களின் பாஸ்காவில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேல் மக்கள் விடுதலையாகிப் புறப்பட்ட இரவின் நினைவு அது. ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைக் கதவு நிலையில் பூசி, மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புளிப்பில்லாத அப்பத்தைத் தின்று கிளம்பினார்கள். அவர்களுடைய நிசான் மாதம் 14-ஆம் நாள் அந்த ஆட்டுக்குட்டியை அடித்தார்கள். பிறையில் தொடங்குகிற மாதம் என்பதால் நடுவில் முழுநிலா வந்துவிடும். அந்தப் பாஸ்காவுக்காகத்தான் இயேசு எருசலேமுக்கு வந்தார், சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டார், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி சிலுவையில் அறையப்பட்டார். மூன்றாம் நாள் விடியலில் கல்லறைக்குப் போன பெண்கள் அது திறந்து கிடப்பதைக் கண்டார்கள். ‘அவர் உயிர்த்தார்’ என்ற செய்தி பெண்கள் வாயிலாகத்தான் முதலில் வெளியே வந்தது.

தொடக்க நூற்றாண்டுகளில் எந்த நாளில் கொண்டாடுவது என்று பெரிய வழக்கே நடந்திருக்கிறது. நிசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே என்று ஒரு சாரார், ஞாயிறுதான் என்று இன்னொரு சாரார். 325-ல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், எல்லோருக்கும் ஒரே ஞாயிறு என்று முடிவு செய்தது. அப்புறம் 1582-ல் காலண்டர் திருத்தப்பட்டபோது மறுபடி பிரிவு வந்தது. கிரேக்கம் போன்ற நாடுகளின் சபைகள் பழைய கணக்கைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு இந்த ஆண்டு ஏப்ரல் 12-ல்தான் ஈஸ்டர்.

‘ஈஸ்டர்’ என்பது ஆங்கிலம் வழி வந்த பெயர். எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி, அந்தச் சொல் ஒரு பழைய பெண் தெய்வத்தின் பெயர் கொண்ட மாதத்திலிருந்து வந்ததாக எழுதி வைத்தார். நம் தமிழ்க் கிறித்தவர்கள் பாஸ்கா என்றும் உயிர்ப்பு ஞாயிறு என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்கள்தான் பிடித்திருக்கின்றன. பண்டிகையின் பொருள் பெயரிலேயே இருக்கிறது.

பாடப்புத்தகங்களில் இதை வசந்த காலப் பண்டிகை என்று போட்டு, பனி உருகிப் பூ மலர்கிற படம் வரைந்திருப்பார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. நம் காவிரி டெல்டாவில் இந்த நேரத்தில் எது மலர்கிறது? ஜனவரி கடைசியில் மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள், ஆறு முழுக்க மணல். சம்பா அறுத்தாயிற்று, தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் காய்ந்து பிடுங்கக் காத்திருக்கின்றன. ஆனால் பைபிளைத் திறந்தால் அந்தப் பனிப்படத்தை விட நம் வயல்தான் கிட்ட வருகிறது. பாஸ்காவை ஒட்டி வாற்கோதுமை அறுவடை, முதல் கதிர்க்கட்டைக் கடவுளுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். புனித பவுல் உயிர்த்த இயேசுவை ‘முதற்கனி’ என்று சொன்னது இதை வைத்துத்தான். ‘கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும்’ என்பது இயேசுவே சொன்னது. புதிரெடுத்துப் பொங்கலிடுகிற வீட்டுக்கு, விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டி நாற்றங்காலில் தெளிக்கிற வீட்டுக்கு, இதற்கு விளக்கவுரை எதற்கு?

மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு. எருசலேமில் பேரீச்ச ஓலையோடு இயேசுவை வரவேற்றார்கள், இங்கே தென்னங்குருத்து. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் தோப்புக்குள் நுழைந்தவர்கள் முதலில் தேடியது குருத்தைத்தான். மட்டையெல்லாம் ஒடிந்திருந்தாலும் குருத்து தப்பியிருந்தால் மரம் பிழைக்கும். குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவையாக மடித்து வீட்டு நிலையில் செருகுவார்கள். அடுத்த வருஷம் அதே ஓலையை எரித்த சாம்பல்தான், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில்.

பெரிய வியாழன் மாலை, பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்கு. அன்றைய பூசையில் அடிக்கிற மணியோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் சனி இரவு வரை மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளியன்று பூசை கிடையாது. கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி இல்லாத உணவு), இயேசு சிலுவை சுமந்த வழியை நினைக்கும் சிலுவைப்பாதை. மற்ற சபைகளில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய தியானம்.

சனி இரவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எட்டாவது படிக்கும்போது என் நண்பன் கூட்டிக்கொண்டு போனான். கோயிலில் விளக்கெல்லாம் அணைத்திருந்தது. வாசலில் சின்னதாக நெருப்பு மூட்டி, ஆள் உயர மெழுகுதிரி ஒன்றை அதில் பற்றவைத்தார்கள். அதில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள் பதித்திருந்தன. அந்த ஒரு திரியிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று வெளிச்சம் வரிசை வரிசையாக எங்களிடம் வந்தது. மெழுகு கையில் சொட்டாமலிருக்க அட்டையில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகியிருந்தான் நண்பன். எனக்கும் ஒன்று வைத்திருந்தான். பக்கத்தில் இருந்த பாட்டி, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. தன் திரியைச் சாய்த்து என்னுடையதைப் பற்றவைத்தார். சற்று நேரத்தில் மூன்று நாளாகப் பேசாத மணி பேசியது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

ஈஸ்டர் முட்டை பற்றியும் கேட்பீர்கள். நாற்பது நாள் தவக்காலத்தில் முட்டையையும் விலக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. நோன்பு முடிந்ததும் சேர்ந்துபோன முட்டைகளைச் சாயம் பூசிக் கொண்டாடினார்கள். முயலெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது, நமக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

நம் தரங்கம்பாடியில் 1715-ல் புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தமிழில் முழுமையாக அச்சானது. முந்நூறு வருஷமாக இந்த மண்ணில் தமிழிலேயே படிக்கப்படுகிற கதை இது.

சரி, உங்களிடம் கேட்க வேண்டியது. வெள்ளியன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்கள் போட வேண்டாம். ஞாயிறு காலை தாராளமாகப் போடுங்கள். நோன்பிருக்கும் பிள்ளைகள் மதியம் சாப்பிடாமல் இருந்தால் மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சனி இரவு பூசை முடிய நேரமாகும், ஞாயிறு பண்டிகை என்பதால், திங்கட்கிழமை முதல் பாடவேளையில் இருந்த கணக்குத் தேர்வைச் செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் இந்த முறை வெள்ளிக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஞாயிறுக்கான அட்டையை எட்டாம் வகுப்பு தயார் செய்கிறது. என்ன எழுதுவது என்று போன வருஷம் என்னிடம் சொல்லித்தந்த அதே சிறுமியைக் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்