தென்முகமாகக் கட்டு

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

மான் வேட்டைக்குப் போகும் மலையில் கட்டிவைக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று நீ வாட்சாப்பில் கேட்டிருந்த மூன்று வரியை அம்மாவும் நானும் பலமுறை படித்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து வந்த மூன்று வரி. உன்னோடு மலைக்கு யார் வருகிறார்கள் என்பது அதில் இல்லை.

மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடும் எண், பல கேமராக்களில், சிறிய படத்தை உள்ளேயே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் எண்தான். உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்த பிறகு எத்தனை விரைவில் படம் எடுக்கிறது என்பதையே நீ பார்க்க வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதித்தால், தடத்தைக் கடக்கும் மானின் பின்பாதிதான் கேமராவின் நினைவு அட்டையில் விழும். விலங்குக் கணக்கெடுப்புக்காகப் பெலும் காட்டில் நாங்கள் கட்டிய பழைய கேமராக்களில் வெறும் வாலாக விழுந்த படங்கள் எத்தனையோ. ஆகையால் தடத்துக்கு நேர் குறுக்கே வைக்காமல், தடம் நீண்டு வரும் திசையைச் சாய்வாகப் பார்க்கும்படி இடுப்புயரத்தில் கட்டு. எதிரே நிற்கும் புல்லை அரிந்துவிடு. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் கேமரா அதை விலங்கென்று எண்ணி அட்டையை நிரப்பிவிடும்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மலைகளில் நீ தேடும் கடமான், 1860-களில் அங்கே கொண்டுபோய் விட்ட கூட்டத்தின் வழிவந்தது. நாம் ருசா என்கிறோமே, அதே இனம். இங்கே மலேசியத் தீபகற்பத்தில் 2009-இல் அதை வேட்டையாடத் தடை விதிக்கும் அளவுக்குக் குறைந்துபோன விலங்கு, அங்கே பெருகி நிற்கிறது. இரவில் நடமாடும், எளிதில் மிரளும் விலங்கு என்பதால் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளதை வாங்காதே. அது தூரம் எட்டும், ஆனால் மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 உள்ளது அவ்வளவு தூரம் எட்டாது. ஆனாலும் அதுவே நல்லது. பேட்டரி லிதியமாக இருக்கட்டும், உங்கள் குளிரில் மற்றவை சீக்கிரம் படுத்துவிடும். சூரியன் நேரே கண்ணாடியில் விழும் என்று இங்கே நாங்கள் கிழக்கையும் மேற்கையும் மட்டும் தவிர்ப்போம்; அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், நீ தென்முகமாகவே கட்டு. படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் வகை, லைன் கிடைக்காத பள்ளத்தாக்கில் பயன்படாது. அப்படிப்பட்ட இடத்தில் நீ கால் இடறி விழுந்தால் யாரை அழைப்பாய்? தனியாகப் போகாதே, ஐயா.

தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை துப்பாக்கி உரிமம் எடுத்து, அந்த நாட்டு மலைகளை இத்தனை அறிந்திருக்கிறான் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தைப்பூசத்தன்று உன் குரலுக்காக அம்மா இரவு பன்னிரண்டு மணிவரை கைபேசியை மடியில் வைத்திருந்தாள். மருமகளைப் பற்றி நான் கேட்கவில்லை. தனியாகப் போகாதே என்று மட்டும் சொல்கிறேன்.

பாப்பா நம்மை விட்டுப் போன அந்த வருடம், கணக்கெடுப்புக் குழுவோடு நான் காட்டுக்குப் போனது சம்பளத்துக்காக என்றே இதுவரை சொல்லி வந்தேன். அது உண்மையில்லை. கேமராவைக் கட்டி, முடுக்கிவிட்டு நிமிர்பவனின் முகம்தான் அட்டையில் முதல் படமாக விழும். மூன்று மாதம் கழித்து முகாமில் அட்டைகளைப் போட்டுப் பார்த்தபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரத்துத் தேதியுடன் என் முகம் வந்தது. சவரம் செய்யாத கன்னத்தில் அட்டைப்பூச்சி கடித்த இரத்தம் காய்ந்திருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் கேமராவையே வெறித்துக்கொண்டிருந்தேன். அதே நாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையான நீ, எழுந்திருக்காமல் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாய். குழு இறங்கிய பிறகும், இன்னும் இரண்டு கேமராவைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நான் மேலேயே தங்கினேன். அந்த வீட்டுக்குள் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நீ அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சம்பளம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேமராவைக் கட்டி, அட்டையை எடுத்து வந்ததும், மான் படங்களை மெதுவாக அனுப்பு. முதல் படத்தை மட்டும் அன்றே அனுப்பிவிடு. அம்மாவும் பார்க்க வேண்டும். பக்கத்தில் யாராவது நின்றால் அவரும் அதில் விழட்டும்.

பசியாறிவிட்டு மலையேறு.

அப்பா