சின்னவன் விட்டுப்போன செருப்பு

அன்புள்ள கீதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் நன்றாக வருகிறது. நீ இல்லையே என்று அம்மா புலம்பிக்கொண்டே வதக்கினாள்.

உன் சின்னவன் செருப்பை இங்கேயே விட்டுப் போய்விட்டான். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் 30 வருஷம் இருந்தவன், அடியைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பேனா? குதிகாலில் வெளி ஓரம்தான் முதலில் தேயும். இவனுக்கு உள் ஓரம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது. பொங்கலுக்கு வாங்கினதுதானே? பாரத்தில் பாதத்தின் வளைவு அமுங்கி, கால் உள்பக்கம் சரிகிறது.

குறை சொல்லவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினதைத் தெருவெல்லாம் சொன்னவன் நான். ஆனால் அவன் நடையைக் கவனித்தாயா? காலை அகட்டி வைக்கிறான். ஒரு காலைத் தூக்கும் முன் இரண்டும் தரையில் சற்று அதிக நேரம் நிற்கின்றன. டவுசர் மாட்டச் சுவரைப் பிடிக்கிறான். எடை கூடின பிள்ளைகளிடம் இப்படிப் பார்ப்பது உண்டு, எடை குறைந்து கால் பலப்பட்டால் நடையும் தேறும் என்று எதிர்வீட்டு பிஸியோதெரபி பெண் சொன்னாள். சாயங்காலம் விளையாட விடு. நீ ஆபீஸ் விட்டு வர எட்டாகிறது, தெரியும். அதற்காகக் கையில் போனும் பிஸ்கட்டுமா? விளையாட விடு.

சரி, மக்கன் பேடா வாங்கி வாங்கி ஊட்டினது யார் என்று நீ கேட்பாய். நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சோளிங்கர் மலைக்கோயிலுக்கு ரோப் கார் இருந்தும் 1,305 படியும் நடந்துதான் ஏறணும் என்று அடம்பிடித்தது நான். நீங்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டீர்கள். நூறு படி ஏறவில்லை, "முட்டி வலிக்குது தாத்தா" என்றான். "நடிக்காதடா யானைக்குட்டி" என்றேன். இறங்கி வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மலை இறங்கும்வரை என் கையை அவன் பிடிக்கவே இல்லை. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடம் அவன் சொன்னானா? அதனால்தான் நீ பேசுவதில்லையா?

அந்த பிஸியோதெரபி பெண்ணிடம் முட்டி வலி என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. 11 வயதில், இந்த எடையில், முட்டி வலித்தால் இடுப்பையும் பார்க்கணுமாம். தொடை எலும்பின் தலைப்பகுதி வளரும் இடத்தில் நழுவியிருந்தாலும் வலி முட்டியில் தெரியுமாம். நொண்டினால் நடக்க விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். நான் நடிப்பு என்றேன்.

நொண்டுகிறானா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது. போன் வேண்டாம், அம்மா எடுத்துவிடுவாள்.

அப்பா