ஜன்னல் திரையை விலக்கிய சிஸ்டருக்கு

அன்று காலை வார்டில் அப்பா கண் மூடிப் படுத்திருந்தார். அவர் கையை ஒரு படம் எடுத்துவிடத் தவித்துக்கொண்டிருந்தேன். ஒளியை உள்ளே விடும் கேமரா ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்தது, அது மெதுவான வேகம்; என் கை நடுக்கத்தில் எல்லாமே கலங்கலாக வந்தன. நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே டியூப்லைட்டை அணைத்தீர்கள், திரையை விலக்கினீர்கள், நான் முழங்கை ஊன்றிக்கொள்ள மேசையை நகர்த்தி வைத்தீர்கள். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் விரல் கணுக்களின் சுருக்கம், ஊசி ஏற்றிய இடத்துப் பச்சை நரம்பு, நகத்தோரத்துப் பழைய தழும்பு எல்லாம் எழும்பி வந்தன. சின்ன வயதிலிருந்து பிடித்து நடந்த கையை அன்றுதான் பார்த்தேன், சிஸ்டர்.

இப்போது தினமும் ஜன்னலோரத்தில் ஒரு படம் எடுக்கிறேன். அம்மா மூக்குக்கண்ணாடி துடைப்பதை எடுத்துக் காட்டினேன். அப்பா போன பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

உங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்பாவின் கைப்படத்தை அனுப்புகிறேன். ரொம்ப நன்றி.