மலர், இதழ் கணக்குக்கு ஒத்துவராத லைப்ரரி சாஃப்ட்வேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு லைப்ரரில வேலை பாக்கறேன். இங்க மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே ரேக்ல தான் இருக்கும், வீட்ல தமிழ் பேசறவங்க நெறைய பேரு தெனமும் படிக்க வர்றாங்க. நான் எழுத வந்தது பத்திரிகை வரவு வைக்கற சாஃப்ட்வேர் பத்தி. புஸ்தகத்துக்கு அது நல்லாவே ஓடுது, குடுக்கறது வாங்கறது எல்லாம் சட்டுனு முடிஞ்சிருது, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பத்திரிகைனு வந்தா தான் தலைவலி.

புஸ்தகம் ஒரு தடவ பதிஞ்சா வேலை முடிஞ்சுது, பத்திரிகை அப்படி இல்ல, வந்துக்கிட்டே இருக்கும். அதனால சந்தா விவரம் ஏத்தும்போதே இது வாரமா மாசமா காலாண்டானு கேட்டுக்கிட்டு, எந்தத் தேதிக்கு எந்த நம்பர் வரணும்னு சாஃப்ட்வேர் முன்கூட்டியே ஒரு வரிசை போட்டு வெச்சிரும், வந்தா நாம டிக் பண்ணணும், தேதி தாண்டுனா லேட்டுனு செவப்புல காட்டும். வாரப் பத்திரிகைக்கு இது போதும். ஆனா சிறுபத்திரிகைங்க அப்படியா வருது? காசு சேந்தா அச்சுக்குப் போகும், இல்லேன்னா ரெண்டு இதழ ஒண்ணாக்கி கொண்டு வருவாங்க.

போன வருஷம் ஒரு காலாண்டிதழ் அட்டையில "மலர் 7, இதழ் 2-3"னு போட்டு வந்துச்சு, அதாவது ஏழாவது தொகுதியோட ரெண்டாவது, மூணாவது இதழ் ரெண்டும் ஒண்ணா சேந்தது. சாஃப்ட்வேர்ல 2-3னு அடிச்சா வாங்கவே மாட்டேங்குது, நம்பர் கட்டத்துல ஒரே ஒரு எண் தான் போடணுமாம். 2னு போட்டாச்சு. 3 செவப்புலயே நிக்குது. அடுத்தது 4 வந்தா அதுக்கு எடமே இல்ல, 3-ஐ முடிச்சாத் தான் 4 தொறக்கும், கடைசில 4-ஐ 3னு ஏத்த வேண்டியதாச்சு, அதுலருந்து அந்தப் பத்திரிகையோட எல்லா இதழும் ஒரு நம்பர் பின்னாடியே போகுது. காலேஜ்ல தமிழ் எம்.ஏ. படிக்கற பொண்ணு ஒண்ணு கட்டுரைக்காக இதழ் 4 வேணும்னு கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு, வரலனு காட்டுது அக்கானு சொல்லிட்டு கெளம்பப் பாத்துச்சு, நான் கூப்ட்டு ரேக்லருந்து எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கு நான் லீவு போட்டிருந்தா அந்தப் பொண்ணு வெறுங்கையோட தான போயிருக்கும்?

இன்னொரு கொடுமை, வராத இதழுக்கு சாஃப்ட்வேரே பத்திரிகைக்கு மெயில் அனுப்பிருது. வீட்லருந்து பத்திரிகை நடத்தற ஒரு ஆசிரியர் போன் பண்ணி, "அந்தக் காலாண்டுல நான் இதழே போடலயேம்மா, எதுக்கு மூணு தடவ கேட்டிருக்கீங்க"னு வருத்தமா கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்றதுனே தெரியல. அவர் கைக்காசு போட்டு நடத்தறவர். ஆடி, ஆவணினு தமிழ் மாசம் போட்டு வர்ற பத்திரிகைக்கும் இதுல வழி கெடையாது, தீபாவளி மலருக்கும் கெடையாது.

பத்திரிகை மாறிக்கிட்டே இருக்கறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமா? 1933ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்ச மணிக்கொடி 1935ல மாசம் ரெண்டு தடவ வர்ற கதைப் பத்திரிகையா மாறுச்சு, 1988ல காலாண்டிதழா வந்த காலச்சுவடு இப்ப மாச இதழ். பின்னாடி ஆராய்ச்சி பண்றவங்க மலர் எத்தன, இதழ் எத்தனனு வெச்சுத் தான் தேடுவாங்க, அந்த எண்ணே தப்பா ஏறியிருந்தா இதழ் அலமாரில இருந்தும் இல்லாத மாதிரி தான்.

இதெல்லாம் சாஃப்ட்வேர்ல முடியாத காரியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் லைப்ரரிக்காகப் பண்ணி 2000ல வெளிவந்த கோஹாங்கற லைப்ரரி சாஃப்ட்வேர் காசில்லாம கெடைக்குது, கேரளாவுல நெறைய லைப்ரரில ஓடுது. அதுல ஒழுங்கில்லாம வர்ற பத்திரிகைக்கும் செட்டிங் இருக்கு, எண் வரிசைய நாமளே அமைச்சுக்கலாம், இதழ் வெளிவரலனு தனியா குறிக்கலாம், சிறப்பு மலர தனியா சேக்கலாம். எங்க கிட்ட இருக்கறது வேற. அதுல ஒரு எண்ண மாத்தணும்னா கூட விண்ணப்பம் எழுதிப் போட்டுட்டு காத்திருக்கணும், பத்திரிகைய கையில வெச்சிருக்கற எங்களுக்கு அந்த உரிமை இல்ல.

சாஃப்ட்வேர் வாங்கறவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, தமிழ் சிறுபத்திரிகை ஒரு கட்டு எடுத்து, அட்டையில இருக்கறத அப்படியே ஏத்த முடியுதானு பாக்கணும், பக்கத்துல பத்திரிகைப் பிரிவுல வேலை செய்யறவங்களையும் ஒக்கார வெக்கணும். பத்திரிகை நடத்தறவங்களும் மலர், இதழ் எண்ண அட்டையில தெளிவா போடுங்க, ஐ.எஸ்.எஸ்.என்.னு பத்திரிகைய அடையாளம் காட்டற சர்வதேச எண் இல்லாதவங்க டெல்லில இருக்கற தேசிய மையத்துக்கு எழுதி வாங்குங்க, அதுக்கு கட்டணம் கெடையாது.

வந்த இதழ கையால எழுதி வெக்கற வரவு நோட்ட இந்த மாசத்தோட நிறுத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்திருக்கு. "2-3 சேந்து வந்தது"னு உள்ளத உள்ளபடி எழுதியிருக்கறது அந்த நோட்டுல மட்டும் தான். சாஃப்ட்வேர சரி பண்ணி, பழைய பதிவையும் நோட்டப் பாத்து திருத்தற வரைக்கும் அந்த உத்தரவ நிறுத்தி வெக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
லைப்ரரி ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.