மூன்றாம் நிமிடத்தில் ஊசியைத் தூக்கியவர்களுக்கு

அன்புள்ள இசை வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், உங்களில் இருவர் என்னைவிட வயதில் மூத்தவர்கள், அது அழகல்ல. எழுத்தென்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து, கடுமையான சொல்லை அடித்துவிடலாம். இதிலும் நிறைய அடித்திருக்கிறேன். மிச்சம்தான் இது.

'பார்லிமெண்ட், ஃபங்கடெலிக்: சிறந்த ஆல்பம் எது? விவாதமும் வாக்கெடுப்பும்' என்று நீங்கள் அறிவித்ததைப் பார்த்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இரண்டும் ஜார்ஜ் கிளிண்டன் தலைமையில் வாசித்த அமெரிக்கக் குழுக்களின் பெயர்கள். அவர்களுடைய ஃபங்க் இசைக்கு, அந்த ஆடவைக்கிற தாள இசைக்கு, நம் வட்டத்தில் ஒரு மாலை ஒதுக்கியதே பெரிய விஷயம். ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெய்ன்' இசைத்தட்டைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா அது என்ன என்று கேட்டார். பாட்டு என்றேன். இவ்வளவு பெரிசா என்றார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தட்டு சுழன்றது, ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டு. ஜார்ஜ் கிளிண்டன் பேசும் அந்த நாலைந்து வரி முடிந்தது. பின்னால் ஒரு கிடார் ஒரே சுற்றை மெதுவாகச் சுற்றத் தொடங்க, அதன்மேல் எடி ஹேசலின் கிடார் ஏறியது. கூடத்தில் பேச்சு அடங்கியது. மூலையில் டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி கையில் ஒரு கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த செல்போன் சேவல்போலக் கூவியது. "மூணு நிமிஷம் ஆச்சு" என்றது ஒரு குரல். ஒரு கை வந்து ஊசியைத் தூக்கியது. கர்ரக் என்று ஒரு சத்தம். "அடுத்த ஆல்பம்."

அந்தப் பாட்டு 10 நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். நீங்கள் தூக்கிய இடத்தில் கிடார் இன்னும் தொண்டையைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

அதை வாசித்தபோது எடி ஹேசலுக்கு இருபது வயதுதான். அம்மா இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டவன்போல வாசி என்று கிளிண்டன் சொன்னாராம். இரண்டாம் பாதியில் அந்தச் செய்தி பொய், அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்தவன்போல வாசிக்கச் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. பையன் வாசித்ததைக் கேட்டபிறகு, கூட வாசித்தவர்களின் சத்தத்தைக் கிளிண்டன் ஏறக்குறைய முழுசாகக் குறைத்துவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் டிரம்ஸ் எங்கேயோ அடுத்த தெருவில் விழுவதுபோலக் கேட்கும். மற்றபடி அந்தக் கிடார் தனியாக அழுகிறது, முட்டிக்கொள்கிறது, தேறிக்கொள்கிறது. மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? அம்மா செத்தது செத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முப்பது பேரைக் கூட்டிவைத்து ஒரு சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு, அது பொய் என்று சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

எடி ஹேசல் 1992-இல், 42 வயதில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் இந்தப் பாட்டு ஒலித்ததாகச் சொல்வார்கள். அங்கே யாரும் செல்போனில் அலாரம் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு ஆல்பத்தை முழுசாகப் போடாமல் அதற்கு வாக்கெடுக்காதீர்கள்.

மேகட் பிரெய்ன் தோற்றுவிட்டது என்ற கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வாக்கே அதற்கு இல்லை. 1971-இல் வந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு ஈடு அவர்களிடமே கிடையாது, சரி. ஆனால் கடைசிப் பாட்டான 'வார்ஸ் ஆஃப் ஆர்மகெடன்' கிட்டத்தட்ட அதே நீளத்துக்குச் சந்தைக்கடைபோல இரைகிறது. எனக்கு அதில் பாதி போதும். அட்டையில் மண்ணிலிருந்து தலையை மட்டும் நீட்டி அலறும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு ஆல்பத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களும் உண்டு, நம் வட்டத்திலேயே உண்டு. என் வாக்கு பார்லிமெண்ட் பெயரில் 1977-இல் வந்த 'ஃபங்கென்டெலிக்கி'க்கு. அதற்கு நேர்ந்த கதி இன்னும் மோசம்.

அதிலிருந்து நீங்கள் போட்டது 'ஃபிளாஷ் லைட்'. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, தலையை ஆட்டினோம். ஆனால் அது அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அந்த ஆல்பம் முழுக்க ஒரு கதை ஓடுகிறது. சர் நோஸ் என்று ஒரு ஆள். ஆடமாட்டேன், ஆடுவது என் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து நாதஸ்வரத்துக்குக் கால்கூட அசைக்காத பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதி. முதல் பாட்டிலேயே அவரைப் போன்றவர்களை ஆடவைக்கிற துப்பாக்கி ஒன்று வந்துவிடுகிறது. இரண்டாவதில் அவரே வந்து தன் வீம்பைப் பேசுகிறார். நாற்பது நிமிடம்போல இழுத்து இழுத்து, கடைசியில் அவர்மேல் வெளிச்சம் அடிக்கும்போதுதான் 'ஃபிளாஷ் லைட்' வருகிறது. மனிதர் ஆடிவிடுகிறார். அந்த நாற்பது நிமிடம் இல்லாமல் அந்த வெளிச்சத்தை மட்டும் கேட்டால் அது நல்ல டான்ஸ் பாட்டு, அவ்வளவுதான். அசல் இசைத்தட்டோடு ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தையும் உள்ளே வைத்து விற்றார்கள். கதையாகத்தான் கேட்கவேண்டும் என்று இதற்குமேல் எப்படிச் சொல்வது?

அன்று நடந்த 'விவாதம்' பற்றியும் இரண்டு வார்த்தை. உறுப்பினர் ஒருவர் எழுந்து, 'ஃபிளாஷ் லைட்' இருப்பதால் என் வாக்கு 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' ஆல்பத்துக்கே என்றார். கைதட்டல் வேறு. அந்தப் பாட்டு அந்த ஆல்பத்தில் கிடையாது. இரண்டும் பார்லிமெண்ட் ஆல்பம்தான், ஆனால் நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது. இன்னொருவர் அதே பாட்டில் பூட்ஸி காலின்ஸின் பேஸ் கிடாரைப் புகழ்ந்து ஐந்து நிமிடம் பேசினார். அங்கே கீழே குமுறிக்கொண்டு வருவது கிடாரே அல்ல, பெர்னி வோரல் மினிமூக் என்ற சிந்தசைசர் கீபோர்டில் வாசித்தது. பேசிய இருவர்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. பாட்டுப் பாட்டாகக் கிள்ளிக் கொடுத்தால் எது எந்த இலையில் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் அந்த இரண்டு வாக்கும் எண்ணப்பட்டன. 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' முதலிடம் என்று பலகையில் எழுதினீர்கள். அதற்குத் தகுதி இல்லை என்று சொல்லமாட்டேன். 1975 கடைசியில் வந்தது, இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளில் ஒன்று. மேசியோ பார்க்கர், ஃபிரெட் வெஸ்லி என்று ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் ஊதிய ஆட்களே வந்து ஊதியிருக்கிறார்கள். நியாயமாக ஜெயித்திருக்க வேண்டிய ஆல்பத்தை நாம் தப்பான பாட்டுக்காக ஜெயிக்கவைத்திருக்கிறோம். அந்த ஆல்பத்துக்கே அது அவமானம் இல்லையா?

பார்லிமெண்டும் ஃபங்கடெலிக்கும் ஒரு குழுவா, இரண்டு குழுவா என்று அரைமணி நேரம் போனது. அதை நான் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே சுவையான சண்டை அது. நியூ ஜெர்சியில் பிளெயின்ஃபீல்டில் ஒரு சலூன். கிளிண்டன் அங்கே முடி வெட்டிக்கொண்டே நண்பர்களோடு குரலிசை பாடிப் பழகினார். 1967-இல் ஒரு பாட்டு ஹிட் ஆனதும் கம்பெனியோடு தகராறு வந்து 'பார்லிமெண்ட்ஸ்' என்ற தங்கள் குழுவின் பெயரையே பயன்படுத்த முடியாமல் போனது. பின்னணி வாசித்த பையன்களை முன்னால் நிறுத்தி ஃபங்கடெலிக் என்று பெயர் வைத்து டெட்ராய்டில் இன்னொரு கம்பெனிக்குப் போனார்கள். பழைய பெயர் திரும்பி வந்ததும் இரண்டு பெயர், இரண்டு கம்பெனி, ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். ஊதுகருவியும் கதையும் என்றால் பார்லிமெண்ட், கிடாரும் கிறுக்கும் என்றால் ஃபங்கடெலிக் என்று சொல்லிக்கொள்ளலாம். 1978-இல் 'ஒன் நேஷன் அண்டர் எ குரூவ்' வரும்போது அந்தக் கோடும் அழிந்துவிடுகிறது. இதெல்லாம் உட்கார்ந்து கேட்டால் தெரியும். மூன்று நிமிடத்தில் தெரியாது. மூன்று நிமிடத்தில் எல்லாமே தாளம் போட வைக்கிற பாட்டுத்தான்.

ஏன் முழுசாகப் போடவில்லை என்று கேட்டதற்கு, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்றீர்கள். ஐயா, அது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே கொதி உள்ள பானைக்கு. இது பந்தி. இலை ஓரத்து ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, சமையல் இரண்டாமிடம் என்று எழுதிக்கொடுக்கிறீர்கள்.

நேரம் இல்லை என்பது உங்கள் இன்னொரு பதில். சரி, கணக்குப் பார்க்கலாம். மேகட் பிரெய்ன் முழு ஆல்பமும் 40 நிமிடம்கூட வராது. மதர்ஷிப் கனெக்‌ஷனும் அப்படித்தான். ஃபங்கென்டெலிக்கியையும் சேர்த்தால் மூன்றுக்கும் 2 மணி நேரம். அன்றைய கூட்டம் மூன்றேகால் மணி நேரம் நடந்தது. வரவேற்புரை 15 நிமிடம். பொன்னாடை போர்த்தியது, போட்டோ சரியாக வரவில்லை என்று மறுபடி போர்த்தியது, 10 நிமிடம். சிறப்பு விருந்தினர் 42 நிமிடம் பேசினார். மேகட் பிரெய்ன் ஆல்பத்தைவிட நீளம், அதில் ஃபங்க் என்ற சொல் இரண்டு தடவை வந்தது. அவருக்கு முன்னால் அந்த செல்போன் ஏன் கூவவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

மன்னிக்கவும். அடித்துவிட நினைத்த வரிகளில் அதுவும் ஒன்று, விட்டுவிட்டேன்.

உங்களை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. ஊரே இப்படித்தான் கேட்கிறது. செல்போனில் ஒரு பாட்டு பிடித்தால், அடுத்து அதே மாதிரி இன்னொன்று யாரோ எங்கிருந்தோ ஊட்டிவிடுகிறார்கள். யார் வாசித்தது, எந்தப் பக்கத்தில் எத்தனையாவது, அட்டை யார் வரைந்தது, ஒன்றும் தெரியவேண்டியதில்லை. பெட்ரோ பெல் என்ற ஓவியர் ஃபங்கடெலிக் அட்டைகளை மூலைமுடுக்கு விடாமல் கிறுக்கி, உள்ளே பொடியெழுத்தில் பக்கம் பக்கமாகக் கதை எழுதி வைத்தார். செல்போனில் அது தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. இதிலிருந்து தப்பித்து முழு இசைத்தட்டைக் கேட்கத்தானே இந்த வட்டத்தையே தொடங்கினோம்? தொடக்க நாள் அன்று அதைச் சொன்னதும் உங்களில் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே ஃபங்கடெலிக்கின் 1975 ஆல்பம் ஒன்றிலிருந்து 2 விநாடிக் கிடாரை எடுத்து இன்னொரு பாட்டில் சேர்த்ததற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. வெறும் மூன்று ஸ்வரம். அந்தத் துணுக்குக்கும் அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று 2005-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் கறுப்பு அங்கி போட்ட நீதிபதிகள் 2 விநாடிக்குக் கொடுத்த மரியாதையை இசை வட்டம் 10 நிமிடத்துக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். போன ஞாயிறு எடுத்த வாக்கெடுப்பை ரத்து செய்யுங்கள். பத்து ஆல்பமும் வேண்டாம், மூன்று போதும். எந்த மூன்று என்பதை நீங்களே தீர்மானியுங்கள், என் ஆல்பம் அதில் இல்லாவிட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் முழுசாகப் போடுங்கள். முதல் பக்கம், திருப்பிப் போட ஒரு நிமிடம், இரண்டாம் பக்கம். நடுவில் யாராவது வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தால் குற்றமில்லை. பிறகு கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

மேகட் பிரெய்ன் தட்டை மறுபடி நானே கொண்டுவருகிறேன். பத்திரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் தூக்கிய இடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல், அங்கே வரும்போது இப்போது 'டிக்' என்று கேட்கிறது. அதற்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாம். அன்றைக்கு ஊசியை வைப்பதும் எடுப்பதும் என் பொறுப்பில் இருக்கட்டும், அது போதும்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசை ஜன்னலோரத்து உறுப்பினர்

பி.கு.: இந்த மாதச் சந்தாவைப் பொருளாளரிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். ரசீது இன்னும் வரவில்லை.