வரப்பும் அதிமதுரமும்

மதுரை,
ஐப்பசி 14

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் நல்ல மழை என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கே வைகையில் செந்தண்ணி ஓடுகிறது. நேற்று சாயங்காலம் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பேத்தி காதுகுத்து, மாடு கன்று போட்டது என்று எழுதிக்கொண்டே வந்தவள், போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் உனக்குப் பிரஷர் பார்த்தாள், 148க்கு 92 இருந்தது, ‘எல்லாம் இந்த வரப்புத் தகராறு டென்ஷன்தான், சர்வே முடிந்தால் தானாக இறங்கிவிடும்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் வார்டில் பிரஷர் பார்த்திருக்கிறேன் வசந்தா. ‘டென்ஷன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் பலரைப் பத்து வருஷம் கழித்து, ஒரு பக்கம் கை கால் விழுந்து, ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன் எண் கொஞ்சம்தான் கூட. கொஞ்சமாக இருக்கும்போதே கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

டென்ஷன் என்று நீ சொல்வது பொய்யில்லை. இரண்டு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி வைத்த மாதிரி ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது, நாலைந்து கிராம் எடைதான். உன் கொழுந்தனார் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டதைப் பார்த்தாய் அல்லவா, அந்த நொடியில் அதன் உள்பகுதி அட்ரினலினைக் கொட்டியிருக்கும். நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின் கசிந்திருக்கும். நெஞ்சு படபடக்கும், ரத்தக் குழாய் இறுகும். வாய்க்கால் குறுகினால் அதே தண்ணி சீறிக்கொண்டு போகும் இல்லையா, அந்தச் சீற்றம்தான் மிஷினில் எண்ணாகத் தெரிகிறது. சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது என்று வால்டர் கேனன் என்ற அமெரிக்க டாக்டர் 1915இலேயே எழுதிவைத்தார். இப்படி ஏறுவது நோய் அல்ல. ஏறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

நான் கேட்பது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று. அட்ரினலின் ரத்தத்தில் நிற்காது, இரண்டு மூன்று நிமிஷத்தில் பாதி போய்விடும். அந்தச் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் அப்படியில்லை. சண்டை தொடங்கி இருபது முப்பது நிமிஷம் கழித்துத்தான் உச்சிக்குப் போகும், பாதியாகக் குறையவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நடுராத்திரியில் அது அடங்கிக் கிடக்க வேண்டும், விடிகிற நேரத்தில் ஏற வேண்டும். தூங்கும்போது பிரஷரும் பத்து முதல் இருபது சதவீதம் இறங்க வேண்டும். நீயோ மூன்று மணிக்கே விழித்து அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். கொழுந்தனார் அவர் வீட்டில் தூங்குகிறார். உன் உடம்பில் மட்டும் அந்தச் சண்டை மறுபடி மறுபடி நடக்கிறது.

என் கதையையும் கேள். போன மாசம் காலையில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தேன், 128க்கு 80. நோட்டில் எழுதும்போதே அண்ணன் போன் வந்தது, அம்மா வீட்டை விற்பது பற்றி. போனை வைத்ததும் மிஷின் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தால் 152க்கு 94. பத்து நிமிஷத்தில் 138, அரை மணியில் 126. எனக்கு இறங்கிவிட்டது. உனக்கு இறங்குகிறதா என்று யாருமே பார்க்கவில்லையே.

உங்கள் அப்பாவுக்கும் பிரஷர் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெற்றவர்களுக்குப் பிரஷர் இருந்தால் பிள்ளைகளுக்கு மனக்கணக்குப் போடும்போதுகூட மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறுகிறது என்று அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். எல்லைக்கோட்டில் நிற்கிற இளவயதுக்காரர்கள் பலருக்கு நார்அட்ரினலினும் நாடித்துடிப்பும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இந்த நரம்புத் தூண்டல் சிறுநீரகத்தையும் விடாது. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும், அதனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகிக் குழாயை இறுக்கும், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைக் கிளப்பி உப்பையும் தண்ணியையும் உடம்பில் பிடித்துவைக்கும். டென்ஷனோடு கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன்தான், அதற்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்போது உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி பஜனைக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாய், தொண்டை கட்டாமலிருக்க நாலைந்து மாசமாக அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறாய். அதற்குப் பத்து வரி தள்ளி, ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் நீ சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்குச் சேர்ந்து தெரிகிறது.

ஆல்டோஸ்டிரோன் சாவி என்று வை, சிறுநீரகத்தில் அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டைக் கார்டிசாலும் திறக்கும். ரத்தத்தில் கார்டிசால் நூறு மடங்குக்கும் மேல் அதிகம், விட்டால் பூட்டு எப்போதும் திறந்தே கிடக்கும். அதனால் சிறுநீரகத்தில் காவல்காரன் மாதிரி ஒரு நொதி நின்று, கார்டிசாலைக் கார்டிசோன் ஆக்கிப் பல்லைப் பிடுங்கி அனுப்புகிறது. அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் அந்தக் காவல்காரனைத் தூங்கவைத்துவிடும். பிறகு உன் சொந்தக் கார்டிசாலே உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். பிரஷர் ஏறும், கால் இழுக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது என்பதால் அது மருந்து இல்லாமல் போய்விடுமா? மருந்து என்பதால்தானே தொண்டைக்கு வேலை செய்கிறது. எங்கள் அப்பத்தாவே அதை நாலு நாள் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும்.

அது தவிர, முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. வலி மாத்திரைகளில் பலவும் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும். நீ வரப்பை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஒன்று மட்டும் உன் பக்கம் பேசுகிறேன். அந்தப் பெண் பார்த்தபோது நீ வயலிலிருந்து அப்போதுதான் வந்தாயாம், கையில் காபியாம், கொழுந்தனார் கதையைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாயாம். பேசினாலே பத்துப் பாயிண்ட் கூடும். கூட்டம் நெரிந்த ஓ.பி. நாட்களில் நானே எத்தனையோ பேருக்கு நிற்கவைத்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் உனக்குச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறேன். உன் மருமகனிடம் சொல்லி, மேல்கையில் சுற்றும் மிஷினாக ஒன்று வாங்கிக்கொள். மூத்திரம் போய்விட்டு, சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இரு. காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை. காலை, மாலை, ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டிச் சராசரி பார். வீட்டில் 135க்கு 85ஐத் தாண்டினால் அது டென்ஷன் இல்லை, பிரஷர்தான். டாக்டர் மாத்திரை எழுதினால் மறுக்காதே. டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை அந்த ஆஞ்சியோடென்சின் வேலை செய்யும் இடத்தைத்தான் அடைக்கிறது.

அதிமதுரத்தை இன்றைக்கே நிறுத்து. நிறுத்தினதும் மறுநாளே இறங்காது, சில வாரம் எடுக்கும். அதற்காகக் காத்திராமல் இந்த வாரமே டாக்டரிடம் போ. அதிமதுரம், முட்டிவலி மாத்திரை, கால் இழுப்பு மூன்றையும் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல். தொண்டைக்கு வெறும் வெந்நீர் போதும், உப்புப் போட்டுக் கொப்பளித்தாலும் விழுங்காமல் துப்பிவிடு.

நிலத்தை விட்டுக்கொடு என்று சொல்ல மாட்டேன். உன் மாமியார் அந்த வரப்பில் களை பறித்த கதை எனக்குத் தெரியும். சர்வேயர் வருகிற அன்று மட்டும் நீ போகாதே, மருமகனை அனுப்பு.

கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் தீபம் பார்க்க வருகிறேன் என்றாயே, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. ஆரப்பாளையத்தில் இறங்கிப் போன் போடு, வந்து கூட்டிக்கொள்கிறேன். பிரஷர் நோட்டை மறக்காமல் பையில் வை. அதிமதுரத்தைக் கொட்டிவிட்டு டப்பாவைக் காலியாகக் கொண்டுவா, உனக்காக இங்கே நார்த்தங்காய் போடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராஜேஸ்வரி